கை நனைத்த ஆராய்ச்சி

"இல்லீங்கம்மா, நான் சாப்பிடக் கூடாது" என்று கோதண்டராமன் எழுந்து நின்று கும்பிட்டான்.

விரிக்கப் போன வாழை இலையை ஜோதியம்மாள் அப்படியே மடக்கிக்கொண்டாள். மடக்கியபடியே புருஷனைப் பார்த்தாள். தசரதன் மெல்லத் தலையை ஆட்டினார். சோறு வேண்டாம் என்று சொன்னவன்மேல் வருத்தம் வரவேண்டும், அதுதான் உலக வழக்கம். இங்கே என்னவென்றால் இரண்டு பேர் முகமும் மலர்ந்து போயிற்று.

"பரவால்லீங்க தம்பி, எங்களுக்கும் மொறை தெரியும்" என்றார் தசரதன். "மோராச்சும் குடிக்கலாமில்ல? அதுல தப்பு ஒண்ணுமில்ல."

என்ன முறை என்று கோதண்டராமனுக்குப் புரியவில்லை. மோரை வாங்கிக் குடித்தான்.

அவன் மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவன். அந்த எண்பத்திரண்டாம் வருஷம் சமூகவியலில் எம்.ஃபில். செய்துகொண்டிருந்தான். குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு அங்கே என்ன அனுபவம் கிடைக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. அதற்காகத் திருவண்ணாமலையில் தேரடிப் பக்கம் ஒரு லாட்ஜில் வந்து தங்கியிருந்தான்.

அவனுடைய பேராசிரியர் ஆதிமூலத்துக்குச் சில கொள்கைகள் உண்டு. மாணவியைக் கல்லூரியில் வைத்துக் கேட்டால் வாத்தியார் காதில் விழுமோ என்று பயந்து பேசுவாள், ஆகையால் வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். போகிற வீட்டில் சாப்பிடவும் கூடாது. "சோறு போடுறவன் கூடவே உனக்குப் பிடிச்ச பதிலையும் சேர்த்துப் போட்டுடுவான்" என்பார். இதையெல்லாம் மெட்ராஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சொல்வது சுலபம்.

கல்லூரியில் போய் விஷயத்தை விளக்கி, யார் வீட்டுக்கு வரலாம் என்று கேட்டபோது ஒரு பெண்ணும் வாய் திறக்கவில்லை. முன்பின் தெரியாத ஆண்பிள்ளை பேனாவும் கையுமாக வீட்டு வாசலில் வந்து நிற்பதை எந்தப் பெண்தான் விரும்புவாள்? ஒரு வாரம் கழித்து, கணக்குப் பிரிவில் இரண்டாம் வருஷம் படிக்கும் பொன்னி மட்டும் தானாக வந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்கு வாங்க சார். அடி அண்ணாமலைதான் ஊரு. ஞாயித்துக்கெழமைன்னா நைனா வீட்ல இருப்பாரு."

கோதண்டராமனுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. அப்படித்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை பொன்னியின் அப்பா தசரதன் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். நாற்காலி பக்கத்து வீட்டிலிருந்து வந்தது.

"பொன்னி காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பாங்க?" என்று ஆரம்பித்தான்.

"கோழி கூவறப்பவே எழுந்துடும் தம்பி" என்றாள் ஜோதியம்மாள். "வாசல் தெளிச்சு, கோலம் போட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டி, எல்லாருக்கும் காபி போட்டுக் குடுத்துட்டுத்தான் புஸ்தகத்தத் தொடும்."

உள்ளே யாரோ பாத்திரத்தை நங்கென்று வைத்தார்கள்.

"சமையல் வேலை எல்லாம் அவங்க மேலே விழுமா?"

"சமையலா? ஒரு கல்யாணத்துக்கே ஒண்டியா ஆக்கிப் போடும்."

"உடம்பு சரியில்லாம காலேஜுக்கு லீவு போட்டது உண்டா?"

"தலவலின்னு ஒரு நாளு படுத்ததில்லீங்க" என்று தசரதன் குறுக்கே பாய்ந்தார். "எங்க வம்சத்துலயே யாருக்கும் ஒரு சீக்கு கெடையாது. ஊர்ல யார வேணா கேட்டுப் பாருங்க."

வம்சத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டான். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அப்படி ஒரு வியாதி உண்டு, காதில் விழுந்ததை எல்லாம் எழுதுவார்கள்.

"நிலம் இருக்குங்களா?"

"நஞ்சை இருக்குது, கெணத்துல மோட்டாரு போட்டிருக்கேன். ஒத்தப் பொண்ணு. எல்லாம் யாருக்குங்க?"

"டிகிரி முடிச்சப்புறம் மேல படிக்க வைப்பீங்களா?"

தசரதன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"டிகிரியே முடிக்குமான்னு தெரியலீங்க" என்றாள் ஜோதியம்மாள். "எந்தம்பி முருகையன் கட்டிக்கிறேன்னு நிக்கிறான். மலை சுத்துற ரோட்ல சோடாக் கடை வெச்சிருக்கான். தை பொறந்ததும் தாலி கட்டணும், அத்தோட காலேஜ நிறுத்திப்புடணும்ன்றான். நாங்க இன்னும் வாக்கு குடுக்கல. இதவிட நல்ல எடமா ஒண்ணு வந்துதுன்னா..."

அவள் வாக்கியத்தை முடிக்காமல் கோதண்டராமனையே பார்த்தாள். அவன் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். தானாக வந்து கூப்பிட்ட ஒரே பெண், அவளும் தை மாதத்தோடு கல்லூரியை விடப்போகிறாள் என்று நினைத்ததும் அவனுக்கு நெஞ்சு கனத்தது.

அப்போது பொன்னி வந்தாள். பட்டுப்புடவை, தலை கொள்ளாத மல்லிகை, தரையைப் பார்த்த கண்.

"காலேஜ்ல உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?" என்று கேட்டான்.

"ஒண்ணும் கஷ்டமில்லீங்க."

"கூடப் படிக்கிற பசங்க கிண்டல் பண்றாங்களா?"

"நான் யாரையும் நிமிந்தே பாக்கறதில்லீங்க."

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரோடு சில்லறைக்காகச் சண்டை போட்டவள் இவள்தானா என்று கோதண்டராமனுக்குச் சந்தேகம் வந்தது.

"ஒரு பாட்டுப் பாடச் சொல்லட்டுங்களா?" என்றாள் ஜோதியம்மாள்.

"பாட்டா? எதுக்குங்க?"

கேட்ட பிறகுதான் பட்டுப்புடவை, மல்லிகை, நாற்காலி, வம்சம், மோட்டார் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவன் மண்டையில் ஏறின. பதறி எழுந்தான்.

"ஐயோ, நான் பொண்ணு பாக்க வரலீங்க! ஆராய்ச்சிக்கு வந்தேன்!"

தசரதன் சிரித்தார். "மொதத் தடவ விசாரிக்க வர்றவங்க யாருங்க உண்மையச் சொல்றாங்க? போன வருசம் எங்க பெரியப்பா பேத்திய விசாரிக்க வந்தவரு, எருமை வெல கேக்க வந்தேன்னாரு. நீங்க ஆராய்ச்சின்றீங்க. படிச்சவங்க இல்ல?"

"சத்தியமா எனக்காக வரலீங்க. எங்க புரபசர்தான் அனுப்பிச்சாரு."

"அவருக்கு இன்னா வயசு?" என்று ஜோதியம்மாள் மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அம்பத்தஞ்சு. ஐயோ, அவருக்குக் கல்யாணமெல்லாம் ஆயிடுச்சும்மா! டில்லியில அவருக்கு ஒரு பையனே இருக்காரு, சென்ட்ரல் கவர்மெண்ட்ல."

"பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்களா?"

"இன்னும் ஆகலை" என்றான் கோதண்டராமன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"புரபசருக்குப் பூர்வீகம் எந்தப் பக்கம்?" என்றார் தசரதன் மெதுவாக.

"போளூர்ப் பக்கம்னு கேள்வி..."

"அப்படிச் சொல்லுங்க!" தசரதன் தொடையைத் தட்டினார். "நம்ம ஜனம்தான்."

அதற்கு மேல் கோதண்டராமன் சொன்ன எதுவும் எடுபடவில்லை. அவன் மறுக்க மறுக்க அவர்களுக்கு உறுதிப்பட்டுக்கொண்டே போயிற்று. மழை வேறு பிடித்துக்கொண்டது. தசரதன் குடை பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை வந்து, "டில்லியில குளிரு ஜாஸ்தின்றாங்களே, நெசங்களா?" என்று கேட்டு வழியனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து லாட்ஜுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவன் முன்னால் ஒரு சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் காப்பு.

"நீதானே பொண்ணு விசாரிச்ச ஆளு? நான் முருகையன்."

கோதண்டராமன் டீயைக் கீழே வைத்தான். அடி விழும் என்று எதிர்பார்த்துக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான்.

ஆனால் முருகையன் அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டான். "இன்னாய்யா பயப்படற? நான் எல்லாம் விசாரிச்சுட்டேன். காலேஜ் பியூன் எனக்குத் தோஸ்து. நீ மெய்யாலுமே ஆராய்ச்சிதான் பண்றேன்னு சொன்னான். டில்லியாவது மாப்ளையாவது. நீ போய் எங்க மாமாகிட்ட நல்லா வெளக்கிச் சொல்லிடு."

"சொன்னேங்க, அவர் நம்பலை."

"ஊரு பூரா டில்லி மாப்ளைன்னு சொல்லிக்கினு திரியறாரு. அது பொய்யின்னு ஆச்சுன்னா மாமாவால வெளிய தல காட்ட முடியாது. அடுத்த முகூர்த்தத்துலயே பொண்ண என் கைல புடிச்சுக் குடுத்துடுவாரு. தை மாசம் வரைக்கும்கூட நான் காத்திருக்க வேணாம்." முருகையன் டீக்குக் காசு கொடுத்துவிட்டு, "ரொம்ப ஒத்தாசைப்பா" என்று சைக்கிளில் ஏறிப் போனான்.

கோதண்டராமன் மிச்ச டீயைத் தொடாமல் கணக்குப் போட்டான். உண்மையைச் சொன்னால் பொன்னியின் படிப்பு ஐப்பசியிலேயே முடிந்துவிடும். சொல்லாமல் விட்டால் ஒரு குடும்பத்தையே ஏமாற்றியதாகும். மாணவிகளின் அனுபவத்தை ஆராய வந்தவன் ஒரு மாணவியையே காலி பண்ணிவிட்டுப் போகப்போகிறானே என்று தன்மேலேயே அவனுக்கு வெறுப்பாக வந்தது.

லாட்ஜ் மேனேஜர் சகாதேவனிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினான். சகாதேவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"சோறு வேணாம்னீங்களா சார்? அதான் கெட்டுது. பொண்ணு கேட்டு வர்றவங்கதான் பொண்ணு வீட்ல கை நனைக்க மாட்டாங்க. தண்ணி, மோரு, அத்தோட சரி. நீங்க சாப்பிட மாட்டேன்னதுமே அவங்களுக்கு முடிவாயிடுச்சு."

"அப்படியா!" கோதண்டராமன் துள்ளினான். "அப்போ நான் சாப்பிட்டுட்டா?"

சகாதேவன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கார்த்திகை தீபத்துக்கு அறை கேட்டு ஆந்திராவிலிருந்து ஒரு கூட்டம் மூட்டை முடிச்சோடு உள்ளே நுழைந்துவிட்டது. அவர் பதிலை விட்டுவிட்டு மூட்டைகளைப் பார்க்கப் போனார். கோதண்டராமன் காத்திருக்கவில்லை. சாப்பிடாததால் வந்த சிக்கல் சாப்பிட்டால் தீர்ந்துவிடும், இதற்கு மேனேஜர் எதற்கு? எம்.ஃபில். படிக்கிறவன் அல்லவா, தானே முடிவு செய்தான். பேராசிரியரின் கொள்கை போனால் போகட்டும். டில்லி மாப்பிள்ளை என்ற பேச்சு அவமானம் இல்லாமல் மெல்லக் கரைந்துபோனால், பொன்னிக்குத் தை வரைக்குமாவது அவகாசம் இருக்கும்.

மறுநாள் மதியம் அடி அண்ணாமலைக்குப் போய் இறங்கினான். செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா, பசிக்குது, சோறு போடுங்க" என்றான்.

ஜோதியம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். "நெசமாவா தம்பி?"

"நெசமாதான். வயிறு நிறைய சாப்பிடப் போறேன்."

இலை விழுந்தது. கோதண்டராமன் தான் நிரபராதி என்று நிரூபிக்கிற வேகத்தில் சாப்பிட்டான். சாம்பாருக்கு மறுசோறு வாங்கினான். ரசத்துக்கு வாங்கினான். வறுத்த மொச்சையை இன்னும் கொஞ்சம் என்று கேட்டே வாங்கினான். ஜோதியம்மாள் பரிமாறிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் நறுக்கியிருப்பாள் என்று நினைத்தான். தசரதன் வேகமாக வெளியே போனார். திரும்பி வரும்போது அவருக்குப் பின்னால் தெருவே வந்தது.

"பாருங்க, எல்லாரும் பாத்துக்குங்க" என்றார் தசரதன், குரல் தழுதழுக்க. "மாப்ள வூட்டு சார்பா தம்பி நம்ம வூட்ல கை நனைச்சுட்டாரு. சம்பந்தம் முடிவாயிடுச்சு!"

யாரோ ஒரு அம்மாள் குலவை போட்டாள். இன்னொருத்தி எல்லார் கையிலும் கற்கண்டு வைத்தாள். கோதண்டராமன் வாயில் வைத்த சோற்றை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தான். அப்படியே எழுந்து கை கழுவிவிட்டால் சரியாகிவிடுமா என்றுகூட ஒரு கணம் யோசித்தான். கூட்டத்தின் பின்னால் முருகையன் நின்று அவனையே முறைத்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றலாம் என்றால் கை ஈரம்.

தப்பித்து டவுனுக்கு வந்ததும் நேரே தபால் ஆபீசுக்குப் போய் மெட்ராஸுக்கு டிரங்கால் போட்டான். விஷயத்தைக் கேட்ட ஆதிமூலத்துக்குக் கோபம் வரவில்லை, உற்சாகம்தான் வந்தது.

"அருமையான சமூகச் சூழ்நிலை! விடாதே. நானே வந்து விளக்கிடறேன். நிதானமா எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்காத மனுஷன் கிடையாதுப்பா."

சனிக்கிழமை வந்து இறங்கினார். வந்ததும் கோயிலுக்குப் போனார். திரும்பும்போது அவர் கையில் ஒரு தாம்பாளம் இருந்தது. அதில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கதம்பம்.

"சார், இது வேண்டாம் சார்" என்று கோதண்டராமன் கெஞ்சினான். "வேற எது வேணா எடுத்துக்கிட்டு வாங்க. தட்டு மட்டும் வேண்டாம்."

"நம்ம ஆராய்ச்சிக்கு ஒத்துழைச்ச குடும்பம். உன்னால எவ்வளவு தொல்லை அவங்களுக்கு! பெரியவங்க வீட்டுக்கு வெறுங்கையோட போறது மரியாதையா?"

பேராசிரியர் தட்டோடு தெருவில் நுழைந்ததைப் பார்த்த மாத்திரத்தில் குலவைச் சத்தம் கிளம்பிற்று. பக்கத்து வீட்டு நாற்காலியோடு எதிர் வீட்டு நாற்காலியும் வந்திருந்தது. முருகையன் கையைக் கட்டிக்கொண்டு தூணோரம் நின்றான். இவர் வாயாலேயே உண்மை வரட்டும் என்று அவன் காத்திருந்தது முகத்தில் தெரிந்தது. உள்ளே கதவிடுக்கில் பொன்னியின் புடவை ஓரம் தெரிந்தது.

"இந்தப் பையனை நான் ஆராய்ச்சிக்காகத்தான் அனுப்பினேன்" என்று ஆதிமூலம் தொடங்கினார்.

"தெரியுமுங்க, தம்பி சொல்லிச்சு" என்று தசரதன் கண்ணைச் சிமிட்டினார்.

"நல்லது. புரிஞ்சுக்கிட்டீங்க." ஆதிமூலத்துக்குப் பரம திருப்தி. தட்டை ஜோதியம்மாள் கையில் கொடுத்தார். இனி வகுப்பில் பேசுகிற குரல் வந்துவிட்டது. "நான் சொல்ல வந்தது ஒண்ணுதான். உங்க பொண்ணு டிகிரி முடிக்கணும். அது முடியற வரைக்கும் யாரும் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. எடுத்தா எனக்குப் பிடிக்காது. அப்புறம் எம்.எஸ்ஸி. படிக்கட்டும். நகை, சீர், வரதட்சணை இதையெல்லாம் கேக்கிறவனை நான் மனுஷனா மதிக்கிறதே கிடையாது. பொண்ணு படிச்சிருந்தா போதும். அவ்வளவுதான் என் வேண்டுகோள்."

"உத்தரவுங்க" என்று தசரதன் இரண்டு கையையும் கூப்பினார்.

"நகைகூடக் கேக்கலியே" என்று ஜோதியம்மாள் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விம்மினாள். "எம்மா பொன்னி, நாளைலருந்து நீ அடுப்பங்கரைக்கே வராதே. படி! சம்பந்தி சொல்லிட்டாரு."

கட்டியிருந்த கையை முருகையன் அவிழ்த்தான். எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். செய்யாற்றுப் பக்கம் வேறொரு பெண் பார்க்கக் கிளம்பிவிட்டதாக மாலையே தெருவில் பேச்சு.

பஸ்ஸில் ஏறியதும் ஆதிமூலம் மூக்குப்பொடியை உறிஞ்சினார். "பார்த்தியா? நிதானமாச் சொன்னேன், எவ்வளவு சுலபமா புரிஞ்சுக்கிட்டாங்க!"

கோதண்டராமன் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தான். டில்லியில் இருக்கிற அவருடைய பையனுக்கு இப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்பதை அவரிடம் சொல்லும் தைரியம் அவனுக்கு இல்லை.

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனான். சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் பொன்னி தன் சிநேகிதி வள்ளியோடு நின்றுகொண்டிருந்தாள். பட்டும் இல்லை, மல்லிகையும் இல்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னை மன்னிச்சுடுங்க" என்றான் கோதண்டராமன். "டில்லியில இருக்கிற பையனுக்கு இது எதுவுமே தெரியாது. உங்க அப்பாகிட்ட உண்மையைச் சொன்னா உங்க படிப்பு போயிடும். சொல்லாம இருந்தா நான் அயோக்கியன். என்ன பண்றதுன்னே தெரியலை. நீங்களே சொல்லுங்க."

"நீங்கதான் மொத நாளே உண்மையச் சொல்லிட்டீங்களே சார். உங்க மேல இன்னா தப்பு?" என்றாள் பொன்னி. "அன்னிக்கு எது கஷ்டம்னு கேட்டீங்க. காலேஜ்ல ஒண்ணும் கஷ்டமில்ல, அது நெசந்தான். பாதில நிறுத்தாம இருந்தாப் போதும். அத எழுதிக்குங்க. எனக்கு இப்ப கிளாஸு."

அவள் புத்தகத்தை அணைத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடினாள். கோதண்டராமன் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். இவ்வளவு நல்ல பெண்ணை இப்படி மாட்டிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆராய்ச்சியும் இத்தோடு சரி, இனி இந்த ஊரில் எந்த வீட்டு வாசலையும் மிதிப்பதில்லை, ராத்திரி பஸ்ஸுக்கே மெட்ராஸ் போய்விடுவது என்று தீர்மானித்தான்.

வள்ளி இன்னும் போகவில்லை.

"சார், வர்ற ஞாயித்துக்கெழமை எங்க வீட்டுக்கு வர்றீங்களா? வேங்கிக்கால். எங்க வீட்லயும் நான்தான் மொதமொதல்ல காலேஜுக்கு வர்றேன்."

"வேண்டாம்மா!" கோதண்டராமன் இரண்டடி பின்னால் நகர்ந்தான். "பொன்னி வீட்ல நடந்த மாதிரி உங்க வீட்லயும் தப்பா நெனச்சுக்கிட்டா என்ன பண்றது?"

"அத நெனச்சு நீங்க கவலையே படாதீங்க சார்" என்றாள் வள்ளி. "பொன்னி அவங்க வீட்ல மொதல்லயே சொல்லி வெச்சாப்பல நானும் நேத்தே சொல்லி வெச்சுட்டேன், மெட்ராஸ்லருந்து ஒருத்தரு பொண்ணு விசாரிக்க வருவாரு, கேட்டா ஆராய்ச்சின்னுதான் சொல்லுவாருன்னு."